அப்டேட் போட்டதும் விண்டோ உறையவில்லை, சரி. அந்த ஒரு வரிக்குள் வேறு என்னவெல்லாம் ஓடுகிறது?

கேள்வி இதுதான். டிக்கிள் நிரல்மொழியிலும் அதன் விண்டோ கருவித்தொகுப்பான டிகே-யிலும் எழுதிய ஒரு சிறிய நிரல், அதில் ஒரு பட்டன். அழுத்தினால் பெரிய லாக் ஃபைல் ஒன்றை வரி வரியாகப் படித்து, எத்தனை வரி படித்தாயிற்று என்று லேபிளில் காட்ட வேண்டும். லூப் ஓடி முடியும்வரை விண்டோ அசையவே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று லூப்புக்குள் ‘அப்டேட்’ என்று ஒரு வரி சேர்த்ததும் விண்டோவுக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் புதிதாக இரண்டு தொல்லைகள். சில சமயம் ஃபைலில் இருக்கும் வரிகளைவிட எண்ணிக்கை அதிகமாக வருகிறது. பாதியில் விண்டோவை மூடினால் ‘இன்வேலிட் கமாண்ட் நேம்’ என்று ஒரு பிழை எட்டிப் பார்க்கிறது. அப்டேட் உண்மையில் என்ன செய்கிறது, அதைப் போடலாமா கூடாதா?

போடலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் இடத்தில் கூடாது. உங்கள் இரண்டு தொல்லைகளும் அந்த ஒரு வரியிலிருந்துதான் வருகின்றன. ஏன் என்று புரிய, க்ளிக் போன்ற நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும் ஈவென்ட் லூப் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

டிகே ஸ்கிரிப்டுகளை இயக்கும் விஷ் நிரல் உங்கள் ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை ஓட்டிவிட்டு, ஈவென்ட் லூப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அங்கிருந்துதான். டிக்கிளின் சி மூலநிரலில் ‘டிக்கிள் டூ ஒன் ஈவென்ட்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. லூப் என்பது அதைத் திரும்பத் திரும்ப அழைப்பது, அவ்வளவுதான். ஒவ்வொரு அழைப்பிலும் அது செய்வது ஏறக்குறைய இப்படி: வரிசையில் ஏற்கெனவே ஏதாவது ஈவென்ட் காத்திருந்தால் அதை எடுத்து முடித்துவிட்டுத் திரும்பிவிடும். வரிசை காலி என்றால் விண்டோ, டைமர், ஃபைல், சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) என்று ஈவென்ட் வரக்கூடிய எல்லா இடங்களையும் விசாரிக்கும். தேவைப்பட்டால் ஏதாவது வரும்வரை தூங்கும். வந்ததை வரிசையில் போட்டு ஒன்றை முடிக்கும். எங்கேயும் எதுவும் இல்லை என்றால் மட்டும், ஓய்வு நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்த ‘ஐடில்’ கால்பேக்குகளை (பிறகு கூப்பிடச் சொல்லிப் பதிந்து வைத்த வேலைகளை) ஓட்டும்.

அந்தக் கடைசிப் படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிகே திரையில் வரைவதில் பெரும்பகுதியை அங்கேதான் செய்கிறது. லேபிளின் எழுத்தை மாற்றினால் அது உடனே திரையில் மாறாது. ‘இந்த லேபிளை மறுபடி வரைய வேண்டும்’ என்று ஒரு ஐடில் கால்பேக் பதிவாகும், அவ்வளவுதான். அதே லேபிளை நூறு முறை மாற்றினாலும் ஓய்வு கிடைக்கும்போது ஒரே ஒரு முறைதான் வரையப்படும். விண்டோவுக்குள் பட்டன், லேபிள்களை அடுக்கும் பேக், கிரிட் கட்டளைகள் இரண்டும் இடம் கணக்குப் போடுவதும் இதே மாதிரி ஓய்வு நேரத்தில்தான்.

இப்போது உங்கள் பட்டன் கதைக்கு வருவோம். பட்டனை அழுத்தியதும் அந்த ஈவென்ட்டை முடிப்பதற்காக லூப் உங்கள் ப்ராக்கை (டிக்கிளில் ஃபங்ஷனுக்கு அதுதான் பெயர்) அழைக்கிறது. உங்கள் ப்ராக் திரும்பி வந்தால்தான் லூப் அடுத்த ஈவென்ட்டைத் தொட முடியும். லட்சம் வரி படிக்கும்வரை நீங்கள் திரும்பவில்லை. அதனால் லேபிள் வரையப்படவில்லை, விண்டோவை நகர்த்தினால் அடியில் வெள்ளையாகக் கிடக்கிறது, மூடும் பொத்தானும் வேலை செய்யவில்லை. டிக்கிளில் கோளாறு ஒன்றும் இல்லை. லூப்புக்குப் போக வேண்டிய நேரம் முழுவதையும் உங்கள் ப்ராக் எடுத்துக்கொண்டுவிட்டது.

அப்டேட் கட்டளை செய்வது இதுதான்: உங்கள் ப்ராக்கின் நடுவில் நின்றபடியே அதே ‘டூ ஒன் ஈவென்ட்’டை, ‘காத்திருக்காதே’ என்ற கொடியோடு, அது ‘இனி எதுவும் இல்லை’ என்று சொல்லும்வரை மறுபடி மறுபடி அழைக்கிறது. அதாவது உங்கள் ப்ராக்குக்குள் இன்னொரு சின்ன ஈவென்ட் லூப். நிலுவையில் இருக்கும் எல்லாமே அதற்குள் ஓடும்: மவுஸ் க்ளிக், கீபோர்டு, காலம் கனிந்த டைமர்கள், சாக்கெட்டில் வந்த தரவு, ஐடில் கால்பேக்குகள், விண்டோவை மூடச் சொன்ன ஈவென்ட் உட்பட. ‘திரையைப் புதுப்பி’ என்று பொருள் தொனிப்பதால் பலரும் அதை வரைவதற்கான கட்டளை என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். வரைவது அதன் வேலைகளில் ஒன்று, கடைசியில் வரும் ஒன்று.

எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்று இதை வைத்துப் பார்க்கலாம். ஃபைலில் 1,00,000 வரிகள் என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்துகிறீர்கள். ப்ராக் ஃபைலைத் திறந்து, பொது மாறியான எண்ணிக்கையை 0 ஆக்கி, படிக்கத் தொடங்குகிறது. 30,000 வரி ஆனபோது பயனர் பொறுமையிழந்து பட்டனை இன்னொரு தடவை தட்டுகிறார். அடுத்த அப்டேட் அந்த க்ளிக்கை வரிசையிலிருந்து எடுத்து, அதே ப்ராக்கை இரண்டாவது முறையாக அழைக்கிறது. முதல் அழைப்பு இன்னும் முடியவில்லை. முடியாத அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் ஸ்டாக்கில் அடியில் நிற்கிறது. இரண்டாவது அழைப்பு எண்ணிக்கையை 0 ஆக்குகிறது, ஃபைலைத் தனியாகத் திறந்து முழுவதையும் படிக்கிறது. எண்ணிக்கை 1,00,000. அது திரும்பியதும் அப்டேட் முடிகிறது, முதல் அழைப்பு விட்ட இடத்திலிருந்து தன் மீதி 70,000 வரிகளைப் படிக்கிறது. லேபிளில் நிற்பது 1,70,000.

இது நல்ல நிலைமை. ஃபைல் சேனலையும் (ஃபைலைத் திறந்ததும் கிடைக்கும் கைப்பிடி) பொது மாறியில் வைத்திருந்தால் இன்னும் மோசம். இரண்டாவது அழைப்பு அந்த மாறியில் தன் சேனலை எழுதிவிட்டு, வேலை முடிந்ததும் மூடிவிடும். முதல் அழைப்பு திரும்பி வந்து அடுத்த வரியைக் கேட்டால் ‘கேன் நாட் ஃபைண்ட் சேனல் நேம்டு’ என்று பிழை வரும். அதே மாறியைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருப்பதுபோல் தெரியும், எங்கே தப்பு என்று தேடித் தலை சுற்றும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: முதலில் வந்த பட்டன் ஈவென்ட்டே மறுபடி ஓடுகிறதோ என்று சந்தேகம் வரலாம். இல்லை. ஒரு ஈவென்ட்டைக் கையில் எடுத்தவுடன், உள்ளே இன்னொரு லூப் ஓடினால் அது அதையே மீண்டும் எடுத்துவிடாதபடி டிக்கிள் அதற்கு அடையாளம் போட்டுவிடுகிறது. உள்ளே ஓடுவது புது க்ளிக்தான்.

இரண்டாவது தொல்லைக்கும் காரணம் இதே. அப்டேட்டுக்குள் ‘விண்டோவை மூடு’ ஈவென்ட் ஓடுகிறது, விண்டோவும் அதிலிருந்த லேபிளும் அழிகின்றன. டிகே-யில் ஒவ்வொரு விட்ஜெட்டும் (பட்டன், லேபிள் போன்ற விண்டோ உறுப்பு) ஒரு கட்டளை. விட்ஜெட் போனால் அந்தக் கட்டளையும் போயிற்று. அப்டேட்டிலிருந்து திரும்பிய உங்கள் ப்ராக் அடுத்த வரியில் லேபிளின் எழுத்தை மாற்றப் போகிறது, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று டிக்கிள் சொல்கிறது. ஆகவே அப்டேட்டுக்கு முந்தைய வரியில் உண்மையாக இருந்த எதையும் அடுத்த வரியில் உண்மை என்று நம்ப முடியாது. விட்ஜெட், சேனல், பொது மாறி, அரே உறுப்பு எதுவானாலும் சரி.

அப்டேட்டுக்கு ஒரு தம்பி உண்டு: ‘அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ்’. இது ஐடில் கால்பேக்குகளை மட்டும் ஓட்டும். க்ளிக், டைமர், சாக்கெட் எதையும் தொடாது. ஏற்கெனவே திரையில் இருக்கும் லேபிளிலோ முன்னேற்றப் பட்டையிலோ புது மதிப்பைக் காட்டுவது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் இதுவே போதும். இரண்டாவது க்ளிக் நடுவில் நுழையாது, விண்டோ நடுவில் அழியாது. ஆனால் விண்டோவை நகர்த்தினாலோ பெரிதாக்கினாலோ பதில் இருக்காது, ‘நிறுத்து’ பட்டனும் வேலை செய்யாது, ஏனென்றால் அவையெல்லாம் ஈவென்ட்டுகள். இரண்டு மூன்று வினாடியில் முடியும் வேலைக்கு இது தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் இழுத்தால் பயனர் நிரல் செத்துவிட்டது என்று நினைப்பார். சில இயங்குதளங்களும் அப்படித்தான் நினைத்து ‘பதில் இல்லை’ என்று எழுதிவிடும்.

இன்னொன்று. புதிதாக ஒரு டாப்லெவல் விண்டோவைத் திறந்து, ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று காட்டிவிட்டு வேலையைத் தொடங்க நினைத்தால் ஐடில்டாஸ்க்ஸ் பல நேரம் காலை வாரிவிடும். புது விண்டோ திரையில் தோன்றியாயிற்று, இப்போது வரையலாம் என்ற செய்தி விண்டோ அமைப்பிடமிருந்து ஈவென்ட்டாகத்தான் வர வேண்டும். அதை ஐடில்டாஸ்க்ஸ் எடுக்காது. காலி சட்டம் மட்டும் நிற்கும். அங்கே ‘டிகேவெயிட் விசிபிலிட்டி’ போட்டு விண்டோ தெரியும்வரை காத்திருந்துவிட்டு, அப்புறம் ஐடில்டாஸ்க்ஸ் ஓட்டலாம். டிகேவெயிட்டும் உள்ளே லூப்பை ஓட்டுவதுதான் என்பதால், முதலில் பட்டனை முடக்கிவிட்டுச் செய்யுங்கள்.

ஐடில்டாஸ்க்ஸ் மிகச் சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: விண்டோவைத் திரையின் நடுவில் வைப்பது. விட்ஜெட்டுகளை உருவாக்கி பேக் செய்தவுடனே விண்டோவின் அகலத்தைக் கேட்டால் 1 என்று வரும். இடம் கணக்குப் போடும் வேலை இன்னும் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருப்பதால் அப்படி. விண்டோவை மறைத்து வைத்து, ஐடில்டாஸ்க்ஸ் ஓட்டி, தேவைப்படும் அகலத்தையும் உயரத்தையும் கேட்டு, இடத்தை அமைத்து, பிறகு காட்டுங்கள். இங்கே முழு அப்டேட் தேவையே இல்லை, ஆனாலும் பழைய நிரல்களில் அதைத்தான் பார்க்க முடிகிறது.

சரி, உங்கள் ஃபைல் படிக்கும் வேலையை எப்படி எழுதுவது? லூப்பை உங்கள் ப்ராக்குக்குள் கொண்டுவருவதற்குப் பதிலாக, உங்கள் ப்ராக்கை லூப்பிடம் திருப்பி அனுப்புவதுதான் நேரான வழி. வேலையைத் துண்டு போடுங்கள். ஒரு ப்ராக் ஐந்நூறு வரி படிக்கட்டும். முடிந்ததும் லேபிளை மாற்றிவிட்டு, ‘என்னை மறுபடி கூப்பிடு’ என்று, இத்தனை மில்லிவினாடி கழித்து ஓட்டு என்று பதிவு செய்யும் ஆஃப்டர் கட்டளையில் சொல்லிவிட்டுத் திரும்பட்டும். ஃபைல் முடிந்தால் சேனலை மூடிவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பட்டும். துண்டுக்குத் துண்டு நடுவில் லூப் தன் இயல்பில் ஓடும். ஐந்நூறு என்பது சும்மா ஒரு கணக்கு. ஒரு துண்டு 20 முதல் 50 மில்லிவினாடிக்குள் முடிந்தால் மனிதக் கண்ணுக்கும் கைக்கும் தடை தெரியாது. வரிகளை எண்ணுவதைவிட ‘க்ளாக் மில்லிசெகண்ட்ஸ்’ பார்த்து நேரக் கணக்கில் துண்டை முடிப்பது இன்னும் நல்லது, வேகமான கணினியிலும் மெதுவானதிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

‘என்னை மறுபடி கூப்பிடு’ என்பதை எப்படிச் சொல்வது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் இடறும் இடம் இது. ‘ஆஃப்டர் 0’ என்று மட்டும் போட்டால், நீங்கள் திரும்பிய அந்தக் கணமே டைமர் தயார். லூப் அடுத்த சுற்றில் தயாரான டைமரைப் பார்த்ததும் அதை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடும். அடுத்த சுற்றிலும் அதே. ஐடில் படிக்கு வருவதே இல்லை. விளைவு: க்ளிக்குகள் வேலை செய்யும், ஆனால் லேபிள் வரையப்படாது! விண்டோ பதில் சொல்கிறது, முன்னேற்றப் பட்டை மட்டும் அசையவில்லை என்று யாராவது குழம்பினால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

அப்படியென்றால் ‘ஆஃப்டர் ஐடில்’ போட்டால்? அப்போது வேறு சிக்கல். ஐடில் கால்பேக் தன்னைத்தானே மறுபடி ஐடிலில் பதிவு செய்துகொண்டே போனால் ஐடில் வரிசை ஒருபோதும் காலியாகாது. பிரதான லூப்புக்கு இதில் பெரிய பாதிப்பில்லை. ஒரு சுற்றில் அந்த நேரத்தில் இருந்த ஐடில் கால்பேக்குகளை மட்டும்தான் ஓட்டும், நடுவில் புதிதாகச் சேர்ந்தவை அடுத்த சுற்றுக்குப் போகும், அதற்குள் க்ளிக்குகளைக் கவனித்துவிடும். ஆனால் நிரலின் வேறு எங்காவது ஒரு ‘அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ்’ இருந்தால், அது ‘காலியாகும்வரை’ ஓடும் கட்டளை. காலியாகாது. அந்த வரியில் உங்கள் மொத்த வேலையும் முடியும்வரை நிரல் சிக்கிக்கொள்ளும். வேலை முடிவில்லாததாக இருந்தால், உதாரணமாக ஓயாத அனிமேஷன் என்றால், அங்கேயே நிற்க வேண்டியதுதான். நீங்கள் அந்த வரியை எழுதாவிட்டாலும், நீங்கள் சேர்த்த ஏதோ ஒரு விட்ஜெட் நூலகம் எழுதியிருக்கும்.

இரண்டையும் சேர்த்துக் கட்டுவதுதான் வழக்கமான தீர்வு, ஆஃப்டர் கட்டளையின் கையேட்டிலேயே இந்த உத்தி உதாரணமாக இருக்கிறது: ஐடிலில் ஒரு கால்பேக், அந்தக் கால்பேக் செய்வது ‘ஆஃப்டர் 0’ என்று அடுத்த துண்டைப் பதிவு செய்வது மட்டும். ஐடில் வழியாகப் போவதால் வரைதல் முதலான ஓய்வு வேலைகளுக்கு முறை கிடைக்கிறது. டைமர் வழியாகப் போவதால் ஐடில் சங்கிலி அறுந்து, ஐடில்டாஸ்க்ஸ் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. முழு அப்டேட் மட்டும் இதிலும் மாட்டும், ஏனென்றால் அது டைமரையும் ஐடிலையும் சேர்த்தே துரத்தும். துண்டு போட்டு ஓடும் வேலை இருக்கும் நிரலில் முழு அப்டேட் இருக்கக் கூடாது என்று நான் கறாராகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

துண்டு போடுவதால் ப்ராக்கின் உருவம் கெட்டுப்போகிறது, லூப்பின் நிலையெல்லாம் பொது மாறிகளில் சிதறுகிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. நியாயமான குறைதான். அதற்கு 2012-இல் வந்த டிக்கிள் 8.6 கோரூட்டினைக் கொடுத்தது: நடுவில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஓட்டம். ப்ராக்கைச் சாதாரண லூப்பாகவே எழுதலாம்; சேனலும் எண்ணிக்கையும் உள்ளூர் மாறிகளாகவே இருக்கலாம். ஒவ்வொரு துண்டின் முடிவிலும், அப்டேட் போட்டிருந்த இடத்தில் இரண்டு காரியம்: முதலில் மேலே சொன்ன ஐடில்-டைமர் ஜோடியில் ‘இன்ஃபோ கோரூட்டின்’ தரும், ஓடிக்கொண்டிருக்கும் கோரூட்டினின் பெயரைப் பதிவு செய்வது, பிறகு ‘யீல்டு’. யீல்டு செய்ததும் ப்ராக் இருந்த நிலையிலேயே நின்று, கட்டுப்பாடு லூப்புக்குப் போய்விடும். டைமர் கனிந்ததும் நின்ற வரிக்கு அடுத்த வரியிலிருந்து தொடரும்.

பார்க்க அப்டேட் மாதிரியே இருக்கிறதே, என்ன வித்தியாசம்? ஸ்டாக். அப்டேட்டில் உள்ளே வந்த வேலை முடியும்வரை வெளியே இருக்கும் வேலை அடியில் மாட்டிக்கொள்ளும். கோரூட்டினில் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாக் போல. யாரும் யார் மேலும் உட்காருவதில்லை. பயனர் இரண்டாவது க்ளிக் செய்தால் இரண்டு கோரூட்டின்கள் பக்கம் பக்கமாக ஓடும், எண்ணிக்கை உள்ளூர் மாறி என்பதால் குழப்பமும் இல்லை. ஆனாலும் தேவையில்லாத இரண்டாவது ஓட்டத்தை எதற்கு அனுமதிக்க வேண்டும்? வேலை தொடங்கும்போதே பட்டனை முடக்கிவிடுங்கள். எந்த முறையில் எழுதினாலும் இதைச் செய்யுங்கள். முழு விண்டோவையும் தடுக்க வேண்டும் என்றால் 8.6-இல் ‘டிகே பிஸி’ கட்டளை இருக்கிறது.

கோரூட்டினில் இரண்டு எச்சரிக்கை. விண்டோ மூடப்படும்போது கோரூட்டினை அழித்தால், அதற்கென்று பதிவான ஆஃப்டரையும் ‘ஆஃப்டர் கேன்சல்’ செய்ய வேண்டும். விட்டால் இல்லாத கோரூட்டினை டைமர் கூப்பிட்டு, மறுபடி அதே ‘இன்வேலிட் கமாண்ட் நேம்’ பின்னணிப் பிழையாக வரும். ஐடில்-டைமர் ஜோடியில் இரண்டு அடையாள எண்கள் உருவாகின்றன, வெளியே உள்ள ஐடிலினுடையதை மட்டும் வைத்துக்கொண்டு ரத்து செய்தால் டைமர் தப்பிவிடும். அழிப்பதைவிட எளிது ‘நிறுத்து’ என்று ஒரு கொடியை ஏற்றி, கோரூட்டினே ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அதைப் பார்த்துத் தானாக முடித்துக்கொள்வது. இன்னொன்று, கோரூட்டினுக்குள்ளிருந்து அப்டேட் அல்லது விவெயிட் அழைத்து, அதன் உள்ளே நடக்கும் கால்பேக்கிலிருந்து யீல்டு செய்ய முயன்றால் ‘சி ஸ்டாக் பிஸி’ என்று டிக்கிள் மறுத்துவிடும். இரண்டு பாணியையும் கலக்காதீர்கள்.

விவெயிட் பற்றிச் சொன்னேன். ஒரு மாறிக்கு மதிப்பு எழுதப்படும்வரை லூப்பை ஓட்டும் கட்டளை அது, அப்டேட்டுக்கு அண்ணன் என்று சொல்லலாம், ஆபத்திலும் அண்ணன்தான். அ என்ற ப்ராக் ஒரு மாறிக்காக விவெயிட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஓடும் ஒரு ஈவென்ட், ஆ என்ற ப்ராக்கை அழைக்கிறது. அதுவும் தன் மாறிக்காக விவெயிட்டில் நிற்கிறது. அ-வின் மாறி 2-ஆவது வினாடியில் எழுதப்பட்டுவிட்டது. ஆ-வின் மாறி 10-ஆவது வினாடியில்தான் வரும். அ எப்போது தொடரும்? 10-ஆவது வினாடியில். ஆ ஸ்டாக்கில் மேலே உட்கார்ந்திருப்பதால், அது இறங்காமல் அ-வால் எழுந்திருக்க முடியாது. ஆ-வின் மாறி வரவே வராது என்றால் அ-வும் அவ்வளவுதான். இது கோளாறு இல்லை, கையேட்டில் எழுதி வைத்த நடத்தை.

இதைச் சொல்லக் காரணம், நீங்களே எழுதாத விவெயிட்டுகள் நிறைய இருக்கின்றன. இணையப் பக்கங்களை எடுத்துவரும் எச்டிடிபி தொகுப்பின் ‘கெட்யூஆர்எல்’லை, முடிந்ததும் எதைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் கமாண்ட் விருப்பம் கொடுக்காமல் அழைத்தால், பதில் வரும்வரை அது உள்ளே விவெயிட்டில்தான் நிற்கிறது. டிகே டயலாக், மெசேஜ் பாக்ஸ், ஃபைல் தேர்வு விண்டோ எல்லாம் அதே ரகம்: அவை திறந்திருக்கும்போது உங்கள் டைமர்களும் சாக்கெட் கால்பேக்குகளும் ஓடலாம். ‘என் நிரலில் அப்டேட்டே இல்லையே’ என்பவர்களுக்கும் இடைநுழைவுத் தொல்லை வருவது இப்படித்தான்.

உங்கள் தரவு வட்டில் உள்ள ஃபைலாக இல்லாமல் ஒரு பைப்பிலிருந்தோ சாக்கெட்டிலிருந்தோ வந்தால் துண்டு போடவும் தேவையில்லை. சேனலைத் தடையில்லா முறைக்கு மாற்றி, ‘ஃபைல்ஈவென்ட் ரீடபிள்’ பதிவு செய்தால் தரவு வரும்போதெல்லாம் லூப்பே உங்களைக் கூப்பிடும். தரவு முடிந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் ‘ஈஓஎஃப்’ பார்த்துச் சேனலை மூடுங்கள். மூடாவிட்டால், முடிந்துபோன சேனல் எப்போதும் ‘படிக்கத் தயார்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும், கால்பேக் ஓயாமல் ஓடி சிபியு நூறு சதவீதத்தில் நிற்கும்.

துண்டே போட முடியாத வேலை என்றால், உதாரணமாக ஒரே அழைப்பில் பத்து வினாடி எடுக்கும் சி நூலகம் என்றால், ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளைத் தரும் த்ரெட் தொகுப்புதான் வழி. வேலையைத் தனி த்ரெட்டில் வைத்து, ‘த்ரெட் செண்ட் அசிங்க்’ மூலம் பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி இன்டர்ப்ரெட்டர், மாறிகள் பகிரப்படுவதில்லை, பூட்டுத் தொல்லை குறைவு. முடிவு செய்தியாகப் பிரதான த்ரெட்டின் ஈவென்ட் வரிசையில் வந்து விழும், லேபிளை அங்கே மாற்றலாம்.

பைத்தானின் டிகின்டரில் எழுதுபவர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். அங்கே ‘அப்டேட்’, ‘அப்டேட்_ஐடில்டாஸ்க்ஸ்’, ‘ஆஃப்டர்’ என்று இருப்பவை அடியில் இதே டிக்கிள் கட்டளைகளைத்தான் அழைக்கின்றன. விஷுவல் பேசிக்கின் ‘டூஈவென்ட்ஸ்’, க்யூடியின் ‘ப்ராசஸ்ஈவென்ட்ஸ்’ எல்லாம் இதே குடும்பம். க்யூடியில் மட்டும் பயனரின் க்ளிக், கீபோர்டு ஈவென்ட்டுகளைத் தவிர்த்துவிட்டு மற்றதை ஓட்டு என்று ஒரு கொடி கொடுக்க முடியும். டிக்கிளின் அப்டேட்டில் அப்படிப் பாதி வழி கிடையாது, ஒன்று எல்லாம், இல்லையென்றால் ஐடில் மட்டும். டிக்கிள் 9.0-இல் விவெயிட்டுக்கு நேரக் கெடு, டைமர் வேண்டாம், விண்டோ ஈவென்ட் வேண்டாம் என்ற மாதிரி விருப்பங்கள் சேர்ந்திருக்கின்றன. அப்டேட் பழைய அப்டேட்தான். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு இணையான கட்டளையே இல்லை. ஓடும் ஃபங்ஷன் முடியாமலோ, அவெயிட்டில் நின்று வழிவிடாமலோ அடுத்த ஈவென்ட் தொடங்காது. அதனால் அங்கே முதல் நாளே துண்டு போடக் கற்றுக்கொள்கிறார்கள்.

விண்டோ இல்லாத டிக்கிள்எஸ்எச் நிரலிலும் அப்டேட் வேலை செய்யும். 1996-இல் வந்த 7.5 பதிப்பில் ஈவென்ட் லூப் டிகே-யிலிருந்து டிக்கிளுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் டிக்கிள்எஸ்எச் ஸ்கிரிப்டை ஓட்டி முடித்ததும் வெளியேறிவிடும், லூப்புக்குள் தானாகப் போகாது. சர்வர் எழுதினால் கடைசி வரியில் ஒரே ஒரு விவெயிட், ‘ஃபாரெவர்’ என்ற யாரும் தொடாத மாறியின் மேல். ‘வைல் 1’ என்று முடிவில்லாத லூப் போட்டு உள்ளே அப்டேட் வைத்துச் சிலர் இதைச் செய்கிறார்கள். அப்டேட் காத்திருக்காது, உடனே திரும்பும். ஆகவே ஒன்றும் நடக்காதபோதும் சிபியு முழு வேகத்தில் சுழலும். அதே மாதிரி, ‘ஆஃப்டர் 5000’ என்று ஸ்கிரிப்ட் இல்லாமல் எழுதினால் ஐந்து வினாடி எல்லாமே நிற்கும், எந்த ஈவென்ட்டும் ஓடாது.

பழைய நிரலை இப்போது மாற்றி எழுத நேரம் இல்லை, அப்டேட்டை வைத்தே சமாளிக்க வேண்டும் என்றால்: ப்ராக்கின் முதல் வரியிலேயே பட்டனை முடக்குங்கள். ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு மாறி வைத்து, அது ஏற்றப்பட்டிருந்தால் உடனே திரும்பிவிடுங்கள். ‘ட்ரை’-‘ஃபைனலி’யில் அதை இறக்குங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு பிழை வந்தால் பட்டன் என்றைக்கும் முடங்கியே கிடக்கும். ஒவ்வொரு வரிக்கும் அப்டேட் போடாதீர்கள். ஒவ்வொன்றும் விண்டோ அமைப்பையும் சேனல்களையும் விசாரித்துவிட்டு வருவதால் படிக்கும் வேலையைவிட அதுவே அதிக நேரம் தின்னும். 50 மில்லிவினாடிக்கு ஒன்று போதும். அப்டேட்டுக்கு அடுத்த வரியில் ‘வின்இன்ஃபோ எக்ஸிஸ்ட்ஸ்’ வைத்து லேபிள் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேனலை மூடிவிட்டு வெளியேறுங்கள். இன்னும் நல்லது, ‘டபிள்யூஎம் ப்ரோட்டோகால்’ வழியாக மூடும் ஈவென்ட்டை நீங்களே பிடித்து, வேலை ஓடும்போது விண்டோவை உடனே அழிக்காமல் நிறுத்தக் கொடியை மட்டும் ஏற்றுவது. லூப் அதைப் பார்த்து வெளியே வந்ததும், ப்ராக்கின் கடைசி வரியில் விண்டோவை அழித்துக்கொள்ளலாம்.